வளர்த்துக் கொடுத்தவள்

ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன ஒரு கம்பளி வியாபாரிக்கு எத்தனை பிள்ளைகள், அதில் எது தங்கியது, எது தங்கவில்லை, எந்தப் பிள்ளை எந்தக் கிராமத்தில் யாரிடம் பால் குடித்து வளர்ந்தது என்று பேராசிரியையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எதிர்வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள். இதைப் பார்த்துத்தான் அவளுடைய அக்காவின் புருஷன் அவளுக்கு 'ஐந்நூறு' என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் அவளைக் கண்டு நடுங்குகிற ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் இது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பார்கள், பாவம்.

மறுமலர்ச்சிக் காலம் என்றால் எல்லோருக்கும் ஓவியமும் சிலையும்தான் ஞாபகம் வரும். அவளுக்கும் ஓவியத்தில்தான் ஆரம்பித்தது. கல்லூரி நூலகத்தில் முதுகு கிழிந்த ஒரு படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு தாய், அவள் மார்பில் ஒரு பிள்ளை. இத்தனை பாசமான ஊரா என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டு போனவள் கடைசிப் பக்கத்துக் குறிப்பில் ஒரு சங்கதி படித்தாள். அந்த ஆற்றோர நகரத்துப் பணக்கார வீடுகளில் தாய்மார் பால் கொடுப்பதில்லை. பிறந்த கையோடு பிள்ளையை மலையடிவாரக் கிராமத்துக்கு அனுப்பிவிடுவார்கள், சம்பளத்துக்குப் பால் கொடுக்கிற ஒரு தாதியிடம். பிழைத்துக் கிடந்தால் இரண்டு வயது வாக்கில் வீடு திரும்பும். அதாவது, தாய் பால் கொடுப்பதைப் படமாக எழுதச் சொல்லிச் சுவரில் மாட்டிய வீட்டில் பிள்ளையே இல்லை. இது என்ன கூத்து என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கூத்துக்குக் காரணம் தேடியே வாழ்நாள் போயிற்று.

வேலைக்கான நேர்முகத்தில், இதெல்லாம் நமக்கு எதற்கம்மா, யார் வீட்டுப் பிள்ளையோ எங்கேயோ பால் குடித்தால் உனக்கென்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். பிள்ளை பெறுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான் சார், கொடுக்கிற விதம்தான் வேறு என்றாள். அதுவரை அரைத் தூக்கத்தில் இருந்த தலைவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வேலை கிடைத்தது. பிறகு அவள் எழுதிய 'கொடுத்து வளர்த்த பிள்ளைகள்' என்ற புத்தகம் பல நாட்டு வகுப்பறைகளுக்குப் போனது. அவளுக்கு ஒரே ஒரு விதி. சான்று இல்லாத கண்ணீரை எழுதாதே. தாய் அழுதாள் என்று எந்த மாணவனாவது எழுதிக் கொண்டுவந்தால், நீ பார்த்தியா என்று கேட்டு அந்த வரியை அடித்துவிடுவாள். ஒரு தடவை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்தத் தாதி என்ன ஆனாள் என்று கேட்டாள். சம்பளம் நின்றதும் அவள் பேரும் நின்றுவிடும், தெரிந்துகொள்ள வழியில்லை, அடுத்த கேள்வி என்று சொல்லிவிட்டாள் பேராசிரியை. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

இவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மகளுக்கு முதல் பல் முளைப்பதற்கு முன்பே புருஷன் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தான். கையில் பாதி ஆராய்ச்சி, இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆற்றோர நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்ய உதவித்தொகை வந்தது. இதை விட்டால் வேறு வழி கிடையாது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வெடுக்கென்று பேசுவாள், வேண்டாத பேச்சு ஒன்று பேசமாட்டாள். போயிட்டு வா, நான் பாத்துக்கறேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாளே வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அதைத் தங்கையிடம் சொல்லக்கூட இல்லை.

பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போன தாய்மாரைப் பற்றி ஆராய, பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு தாய் போனாள். சிரிப்பு வருகிறதா? சொந்தக்காரர்கள் நன்றாகவே சிரித்தார்கள். அங்கே காப்பகத்தின் கல் அறையில் குளிர் எலும்பைக் குடைந்தது. கணப்பு அடுப்பு காவலர் காலடியில் மட்டும்தான் இருந்தது. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். முதல் வாரம் முழுக்க அவளுக்கு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ஒரு தாதிக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று படித்துக்கொண்டிருக்கையில் பால் சுரந்து சட்டை நனைந்தது. கோட்டை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வருடம் என்று போனது இரண்டைத் தாண்டிற்று. நடுவில் ஒரே ஒரு முறை வந்து போனாள். பிள்ளை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் தூக்கி வந்த பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'பெட்டியம்மா' என்று பேர் வைத்தது. அக்காதான் அதற்கு அம்மா.

முழுதாகத் திரும்பி வந்தபோது வேலை இருந்தது, வீடு பார்த்தாயிற்று. பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். வெறுங்கையோடு வருவாளா? அக்காவுக்கு ஒரு நல்ல கம்பளிப் போர்வை வாங்கி வந்திருந்தாள். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவளாயிற்றே! அந்த ஊரில் ஒரு வியாபாரி, பிள்ளையை வளர்த்துத் திருப்பிக் கொடுத்த தாதிக்கு இப்படித்தான் கம்பளித் துணி கொடுத்தான் அக்கா, நானே படித்தேன் என்று உற்சாகமாகச் சொன்னாள். அக்கா போர்வையை மடித்து வைத்தாள். நல்ல கம்பளி என்றாள். அதற்கப்புறம் அந்தப் போர்வையை யாரும் பார்க்கவில்லை.

பிள்ளை அழுதால் எல்லோருக்கும் கஷ்டம் என்று, விடிவதற்கு முன் தூங்கத் தூங்கத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதுதான் நல்லது என்று மனதார நம்பினாள். அக்கா அப்போது குளியலறையில் இருந்தாள், அவளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு மாதம் கழித்து அக்கா பார்க்க வந்தபோது பிள்ளை அம்மா என்று ஓடியது. அக்கா அதன் தலையைத் தடவி, பெரியம்மான்னு கூப்பிடணும் கண்ணு என்று திருத்தினாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அக்கா உறுதியானவள் என்று பேராசிரியை முடிவு கட்டினாள். எதிராகச் சான்று ஒன்றும் இல்லையே.

மகள் வளர்ந்து பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் விடுதியில் சேர்ந்தாள். இந்தச் சமயத்தில்தான் கடைக்குட்டித் தங்கைக்கு, அவள் நர்ஸ், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வந்தது. புருஷன் கப்பலில். எட்டு மாதக் கைக்குழந்தையை முதல் வருடம் அங்கே வைத்துக்கொள்ள வழியில்லை. தங்கை நேரே அக்காவிடம்தான் போனாள். வேறு எங்கே போவாள்? வளர்த்துக் காட்டியவள் அவள்தானே. அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். காரணமும் சொல்லவில்லை. பேராசிரியைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன் போட்டாள்.

"உனக்கு மனசு கல்லாயிடுச்சா அக்கா?"

"ஆமா. அப்படியே வச்சுக்கோ," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அப்படியானால் நான் வைத்துக்கொள்கிறேன் என்று ரோஷத்தோடு பேராசிரியை சொன்னாள். புத்தகத்தின் புதிய பதிப்புக்காக அவளுக்கு ஒரு வருடம் விடுப்பு இருந்தது. பிள்ளை தூங்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிள்ளை வளர்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

வந்த முதல் வாரமே அது அச்சுப்படியின் மூலையைக் கடித்துத் தின்றது. நாலாம் அத்தியாயத்தில் அடிக்குறிப்புகள் பாதியைக் காணோம். அன்றிலிருந்து அதற்குச் சுண்டெலி என்று பேர். பேராசிரியைக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. அந்த ஆற்றோர நகரத்துப் பழைய நாள்காட்டியில் நாளுக்கு ஒருவராக வரும் புனிதர் பெயர்களை ராகம் போட்டுச் சொல்வாள், சுண்டெலி கொட்டாவி விடும். எந்த வகுப்பிலும் நடக்கிற காரியம்தானே அது என்று அவளுக்கே சிரிப்பு வரும். உட்கார்ந்து சாப்பிடும் குழந்தை நாற்காலி கேட்டு எதிர்வீட்டுக்குப் போனதில் எதிர்வீட்டுக்காரர் பெயர் முதல்முறையாகத் தெரிந்தது. நூலகத்துக்குச் சுண்டெலியைத் தூக்கிப் போனபோது சக பேராசிரியர் ஒருவர், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். வளர்த்தவளுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பழமொழியில் இல்லை.

ஒரு நாள் சுண்டெலியைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றும்போது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. கம்பளிப் போர்வை. என் பிள்ளையை வளர்த்த கூடப்பிறந்தவளிடம், கூலிக்கு வளர்த்தவளுக்கு இதுதான் கொடுப்பார்கள் என்று கதை சொல்லி அதை நீட்டியிருக்கிறேனே என்று நினைத்தாள். அன்றே அக்காவைக் கூப்பிட்டாள். அத்தான்தான் எடுத்தார். அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள், சொல்கிறேன் என்றார். அக்கா திரும்பக் கூப்பிடவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சுண்டெலிக்குப் பேச்சு வந்தது. பெரியம்மா என்று சொல்லிக் கொடுத்தாள். போனில் தங்கை முகம் தெரியும்போது, இதோ அம்மா, அம்மா பாரு என்று காட்டுவாள். பிள்ளை அந்தக் கண்ணாடியை நக்கிவிட்டு, திரும்பி இவளைப் பார்த்துத்தான் அம்மா என்றது. பேராசிரியை திருத்தினாள். மறுபடியும் சொன்னது. திருத்தினாள். மூன்றாவது நாள் திருத்தவில்லை. சான்று இல்லாத ஒரு சொல்லுக்காக மாணவன் எழுதிய வரியையே அடித்துப்போடுகிறவள், அந்தப் பொய்யை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். அது அவளுக்கு அவ்வளவு இனித்தது.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு சாயங்காலம் தங்கை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுண்டெலி இவள் மடியில் ஏறி, தெளிவாக, அம்மா என்றது. தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். அப்புறம் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த மாதமே வந்து நின்றாள். குடியிருப்பு கிடைத்துவிட்டது, ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, கூட்டிப்போகிறேன் என்றாள்.

அன்று மகளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள், சுண்டெலி எதிர்வீட்டில் வாங்கி வந்த நாற்காலியில். பேராசிரியை நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். இன்னும் ஒரு வருடம் போகட்டும், அது குளிர் ஊர், வேலை நேரம் கண்டபடி இருக்கும் என்றாள். தங்கை தலையை ஆட்டவில்லை. அப்புறம் பேராசிரியை தன் வாயாலேயே, இரண்டு வயது ஆகும் முன் கை மாற்றிய பிள்ளைகளில் எத்தனை பிழைத்தன, எத்தனை போயின என்று நாலாம் அத்தியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். தான் என்ன பேசுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா, நான் பெத்த பிள்ளைக்கா நீ ஐந்நூறு வருஷத்துச் சாவுக் கணக்கு சொல்றே?" என்றாள் தங்கை. அவள் கண் நிறைந்துவிட்டது. "உன் கையில நல்லா வளந்திருக்கா. அதுக்கு நான் உன் கால்ல விழணும். ஆனா என்னை யாருன்னு அவளுக்குத் தெரியல. எனக்கு பயமா இருக்கு."

கொடுத்தே ஆக வேண்டும் என்பது பேராசிரியைக்குத் தெரியாமல் இல்லை. பெற்றவள் பக்கம்தான் நியாயம். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் நின்றவள்தானே அவளும். கொடுத்தால் இந்த வீட்டில் அவளுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் தெரியவில்லை.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடியற்காலை விமானத்துக்கே டிக்கெட் போட்டுவிடுகிறேன், தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போனால் பிள்ளைக்கும் தெரியாது, உனக்கும் கஷ்டமில்லை என்றாள்.

"அது மட்டும் வேண்டாம் சித்தி," என்றாள் இதுவரை பேசாமல் இருந்த மகள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னை அப்படித்தான் கொண்டுவந்தாங்க. முழிச்சுப் பாத்தா மேல கூரை வேற மாதிரி இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு. பெரியம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அவங்க பாக்க வந்தப்ப, செத்தவங்க எப்படி வந்தாங்கன்னு கேக்கத் தெரியல எனக்கு."

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. பல் எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பேராசிரியை மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்த சாட்சி. ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? கேட்கவில்லை.

பகல் விமானத்துக்கு டிக்கெட் போட்டார்கள். தங்கை ஒரு வாரம் கூடுதலாகத் தங்கி, சுண்டெலிக்கு ஊட்டினாள், குளிப்பாட்டினாள். முதலில் அது நெளிந்தது, அப்புறம் அவள் விரலைக் கடித்துப் பார்த்தது. இதுதான் உன் அம்மா என்று பேராசிரியை ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஒரு தடவைகூடத் தப்பவிடவில்லை. நான் பெரியம்மா என்றும் சொன்னாள். அன்று அக்காவின் குரல் ஏன் பிசகாமல் இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பிசகினால் பிள்ளை பயந்துவிடும், அவ்வளவுதான்.

கிளம்புகிற நாள் வெயில் நன்றாக இருந்தது. டாக்ஸி வாசலில் நின்றது. மகள் பெட்டிகளை ஏற்றினாள். சுண்டெலி முழு விழிப்போடு பேராசிரியையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. தங்கை கையை நீட்டினாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சமையலறைக்குள் ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. ஓடவில்லை. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், பெரியம்மா இங்கேயே இருப்பேன், போனில் தெரிவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதற்குப் புரிந்ததோ இல்லையோ, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சின்ன விரல்களைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்து, தானே தங்கையின் தோளில் வைத்தாள். அது வீறிட்டது. அம்மா என்று கத்தியது, இவளைப் பார்த்துத்தான். தங்கையும் அழுதுகொண்டே ஏறினாள். மகள் வழியனுப்ப விமான நிலையம்வரை கூடப் போனாள். டாக்ஸி திருப்பத்தில் மறையும்வரை பேராசிரியை வாசலிலேயே நின்று கையசைத்தாள். பிள்ளை திரும்பிப் பார்த்தால் அவள் அங்கே இருக்க வேண்டும்.

உள்ளே வந்தாள். மேசையில் புதிய பதிப்பின் தாள்கள். தாதி என்ன ஆனாள் என்று வகுப்பில் அந்தப் பெண் கேட்டதற்கு இப்போது பதில் தெரியும். எழுத முடியாது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தியவளின் கண்ணீருக்கு இவள் கண்ணீர் சான்று ஆகாது. அந்த விதி அவளுக்கு இப்போதும் சரியாகத்தான் பட்டது. ஆனால் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். வீடு அத்தனை சத்தமில்லாமல் இருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தாள்.

இந்தத் தடவை அக்காவே எடுத்தாள்.

"கூட்டிட்டுப் போயிட்டாங்க அக்கா," என்றாள் பேராசிரியை. அதற்குமேல் பேச்சு வரவில்லை. வாய்விட்டு அழுதாள். அழுது ஓயும்வரை அக்கா காத்திருந்தாள். தண்ணீர் குடி என்றாள். குடித்தாள்.

"யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல அக்கா. உன்னைத்தான் கூப்பிடத் தோணுச்சு. தப்பா நெனச்சுக்காதே."

அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"நீ என்னைக் கூப்பிட்டுட்டே," என்றாள் அக்கா. வெடுக்கென்று பேசுகிற அந்தக் குரல் முதல்முறையாக உடைந்துவிட்டது. "நீ பிள்ளையைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு நான் யாரைடி கூப்பிடுவேன்? சின்னவ பள்ளிக்கூடப் பொண்ணு. சொல்லி அழ எனக்கு இருந்தது நீ ஒருத்திதானே."

பேராசிரியை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அக்கா அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.